வாசகர் கேள்வி-பதில்: பழைய கேரவனும் செம்மண் சாலையும்

கேள்வி: 1983ஆம் ஆண்டு மாடல் கேரவன் ஒன்றைக் கைமாற்றாக வாங்கியிருக்கிறோம். 15 அடி நீளம், ஒற்றை ஆக்சில். மெத்தை, திரைச்சீலை, அடுப்பு எல்லாம் புதிதாகப் போட்டுவிட்டோம். ஜூலை விடுமுறையில் மெல்பர்னிலிருந்து போர்ட் அகஸ்டா போய், அங்கிருந்து ஊட்னடாட்டா மண்சாலை வழியாக ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போகலாம் என்று எண்ணம். வண்டி தாங்குமா? கிளம்பும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
– டாண்டினாங் வாசகர்

பதில்: காலம் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். மே முதல் செப்டம்பர் வரைதான் அந்தப் பக்கம் வண்டி இழுக்க ஏற்ற பருவம். செலவைத்தான் தலைகீழாகத் தொடங்கிவிட்டீர்கள். பழைய கேரவன் பாலைவனத்தில் நின்றுபோவது பெரும்பாலும் வண்டித் தளத்துக்குக் கீழே உள்ள சாமான்களால்தான். பேரிங், ஸ்பிரிங், டயர், பிரேக், இணைப்புக் கொக்கி, இந்த ஐந்தும் சரியாக இருந்தால் திரைச்சீலை கிழிந்திருந்தாலும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போய்ச் சேரலாம்.

முதலில் வழி. ஊட்னடாட்டா மண்சாலை மர்ரீயில் தொடங்கி வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா வழியாக மார்லாவில் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையைத் தொடுகிறது. சுமார் 620 கி.மீ. 1980இல் மூடப்பட்ட பழைய கான் ரயில் பாதையை ஒட்டியே போகும் சாலை அது. காய்ந்திருக்கும்போது சாதாரணக் கார்கூடப் போய்விடும். கேரவனுக்கு அங்கே இரண்டு எதிரிகள். ஒன்று, நெளித் தகரத்தை விரித்ததுபோல் சாலையின் குறுக்கே விழுந்திருக்கும் வரிமேடுகள். மற்றது, கிப்பர் எனப்படும் கூர்மையான சரளைக் கல். ஷாக் அப்சார்பர் இல்லாத 1983 மாடலை அதில் 620 கி.மீ. இழுப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின் வரை ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை முழுக்கத் தார்ச்சாலை. அதிலேயே கூபர் பீடி வரை போய், அங்குள்ள கேரவன் பார்க்கில் வண்டியை விட்டுவிட்டு, காரை மட்டும் எடுத்துக்கொண்டு வில்லியம் கிரீக் போய் வாருங்கள். ஒரு வழிக்கு சுமார் 165 கி.மீ. பாலைவனத்தையும் பார்த்தாகும், ஆக்சிலும் பிழைக்கும்.

எந்த வழியில் போனாலும் பேரிங்கில் கைவைக்காமல் கிளம்பாதீர்கள். பல வருடம் ஓடாமல் நின்ற கேரவனில் பேரிங்கின் உருளைகள் ஒரே இடத்தில் அழுந்தி நிற்கும். உள்ளே ஈரம் புகுந்தால் அந்த இடத்தில் துரு குழி விழும். ஊருக்குள் ஓட்டும்போது இது தெரியாது. வெயிலில், சுமையோடு, மணிக்கணக்காக ஓடும்போது குழியின் விளிம்பு உதிர ஆரம்பிக்கும். கிரீஸ் வெந்து, பேரிங் இறுகி, கடைசியில் சக்கரம், அது பொருந்தியிருக்கும் ஹப்போடு கழன்று உங்களை முந்திக்கொண்டு ஓடும்.

செய்முறை இதுதான். வண்டியைக் காரோடு கோத்தபடியே வைத்து, மறுபக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஸ்பிரிங் உட்காரும் இடத்துக்கு அருகில் ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். ஸ்டாண்ட் கொடுக்காமல் அடியில் போகாதீர்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ‘டக் டக்’ என்று ஆட்டம் தெரிகிறதா, சுழற்றினால் கரகரக்கிறதா என்று பாருங்கள். பிறகு சக்கரத்தைக் கழற்றி, டஸ்ட் கேப், ஸ்பிளிட் பின், காடி வெட்டிய நட், வாஷர், வெளிப் பேரிங் என்று வரிசையாக எடுத்தால் டிரம் கையோடு வந்துவிடும். பின்பக்கம் கிரீஸ் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தை நெம்பினால் உட்பேரிங் வரும். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடையுங்கள். உருளையிலோ, ஹப்புக்குள் இருக்கும் கிண்ணத்திலோ குழி, செதில், நீலம் பாய்ந்த நிறம் எது இருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய கிண்ணத்தில் புதுப் பேரிங் போட்டால் புதியதும் சீக்கிரமே கெடும்.

உயர் வெப்பத்துக்கான வீல் பேரிங் கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் குத்திக் குத்தி இழுங்கள். உருளைகளுக்கு நடுவே மறுபுறம் கிரீஸ் பிதுங்கி வந்தால்தான் நிறைந்ததாகப் பொருள். வெளியே பூசிவிட்டால் போதாது. ஹப்பின் பொந்து முழுவதையும் அடைக்கவும் கூடாது. சூடேறும்போது கிரீஸ் சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் ஷூ மேல் வழியும், பிரேக் போய்விடும். பழைய கிரீஸோடு வேறு வகையைக் கலக்காதீர்கள். சீலும் ஸ்பிளிட் பின்னும் எப்போதும் புதியவை. நட்டை, சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே ஸ்பேனரால் இறுக்கி, இழுவை தெரிந்ததும் தளர்த்தி, பிறகு விரலால் மட்டும் இறுக்கி, ஸ்பிளிட் பின் போடும் ஓட்டை நேராகும் இடத்தில் நிறுத்துங்கள். ஸ்பேனரால் இறுக்கியபடியே விட்டுவிடுவதுதான் புதியவர்கள் பேரிங்கைச் சுட்டுத் தள்ளும் வழி.

கையிருப்பு எடுத்துக்கொள்ளும்போது எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ஆஸ்திரேலியக் கேரவன்களில் பரவலானவை இரண்டு ஜோடி. ஹோல்டன் வகை என்றால் உள்ளே எல்எம் 67048, வெளியே எல்எம் 11949. ஃபோர்டு வகை என்றால் உள்ளே எல் 68149, வெளியே எல்எம் 12749. ஒன்றுக்கு மற்றது பொருந்தாது. உங்கள் வண்டியில் இரண்டுமே இல்லாமலும் இருக்கலாம், பேரிங்கின் மேலேயே எண் பொறித்திருக்கும். உதிரி ஹப் ஒன்றில் கிண்ணம், பேரிங், சீல் எல்லாம் பொருத்தி கிரீஸ் போட்டுப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. சாலையோரப் புழுதியில் சுத்தியலால் கிண்ணத்தைத் தட்டி எடுக்கும் வேலை மிச்சம்.

ஸ்பிரிங்கில் பாருங்கள்: பிளேட்டுகளுக்கு இடையே துரு உப்பியிருக்கிறதா, சென்டர் போல்ட் ஓட்டையை ஒட்டியும் கண் வளைவிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா? வரிமேட்டில் ஸ்பிரிங் ஓயாமல் மடங்கிச் சூடேறி அந்த இடங்களில்தான் முறியும். கழற்றினால் யூ போல்ட்டுகளைப் புதிதாகவே போடுங்கள். ஒரு முழு ஸ்பிரிங்கும் இரண்டு யூ போல்ட்டும் ஒரு சென்டர் போல்ட்டும் வண்டியில் இருக்கட்டும். அவற்றை ஆக்சிலுக்கு நேர் மேலே தரையில் கட்டுங்கள், வால் பக்கம் வேண்டாம்.

மின்சார பிரேக் என்றால் ஒவ்வொரு சக்கர பிரேக்கிலும் உள்ள மேக்னெட்டை மல்டிமீட்டரில் அளங்கள். 3 முதல் 4 ஓம் காட்டினால் சரி. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் ஷார்ட், எல்லையற்றதாக இருந்தால் ஒயர் அறுந்திருக்கிறது. குழாய் ஆக்சிலுக்குள் ஓடும் ஒயர் உரசித் தேய்வது பழைய வண்டிகளின் தீராத வியாதி. வெளியே எடுத்து, ஆக்சிலின் பின்புறம் கட்டிவிடுவதே மேல்.

கடைசியாக, இணைப்புக் கொக்கியின் மேல் பொறித்திருப்பதைத் தேய்த்துப் பாருங்கள். உங்கள் வண்டியின் வயதில், காரின் பின்னால் இருக்கும் 1⅞ அங்குல இழுவை உருண்டைக்கான கொக்கியும் உண்டு, 50 மில்லிமீட்டருக்கானதும் உண்டு. இன்றைய கார்களில் இருப்பது 50. சிறிய கொக்கி பெரிய உருண்டையில் உட்காராது, அது பரவாயில்லை. பெரிய கொக்கி சிறிய உருண்டையில் நன்றாக உட்கார்ந்ததுபோலவே தெரியும், முதல் குழியில் எகிறிவிடும்.

கேள்வி: என் காரின் இழுவைத் திறன் 2,500 கிலோ என்று கையேட்டில் இருக்கிறது. கேரவனின் வெற்று எடை 980 கிலோதான். பிறகு எதற்கு எடை மேடை, கணக்கு என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்?
– வென்ட்வொர்த்வில் வாசகர்

பதில்: காரால் இழுக்க முடியுமா என்பது ஒரு கேள்வி. கேரவனின் ஆக்சில், டயர், கொக்கி அந்தச் சுமையைத் தாங்குமா என்பது வேறு கேள்வி. பழைய வண்டிகள் தோற்பது இரண்டாவதில்.

வெற்று எடையின்மேல் நீங்கள் ஏற்றுவதை எழுதிப் பாருங்கள். தொட்டியில் 70 லிட்டர் தண்ணீர் 70 கிலோ. 9 கிலோ கேஸ் சிலிண்டர் நிரம்பினால் கூட்டோடு சுமார் 18 கிலோ. பேட்டரி 25, முன்பந்தல் துணியும் கம்பியும் 30, இரண்டாவது ஸ்டெப்னி 20க்கு மேல். பாத்திரம், துணி, அரிசி பருப்பு, நாற்காலி, கருவிப்பெட்டி எல்லாம் சேர்ந்தால் 150க்குக் குறையாது. 980 ஆக இருந்தது 1,300ஐத் தொட்டுவிட்டது.

அனுமதிக்கப்பட்ட உச்ச எடையை ஏடிஎம் என்பார்கள். பழைய வண்டிகளில் அந்தத் தகடே இருக்காது. அப்போது ஆக்சில், டயர், கொக்கி மூன்றில் எது குறைவாகத் தாங்குமோ அதையே எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். பொது எடை மேடையில் முழுச் சுமையோடு இரண்டு முறை நிறுத்துங்கள். காரில் கோத்தபடி கேரவன் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்போது வருவது ஆக்சில் எடை. கழற்றி, முன்சக்கரத்தோடு முழு கேரவனும் மேடையில் நிற்கும்போது வருவது மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் கார் உருண்டையின் மேல் விழும் பாரம். மொத்தம் 1,300 என்றால் அது 130ஐ ஒட்டி, அதாவது பத்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும். அந்த 130 கிலோ உங்கள் காரின் சுமைக் கணக்கில் சேரும் என்பதையும் மறக்க வேண்டாம். ஐந்து பேர், கூரைமேல் பெட்டி, முன்னால் இரும்புக் காப்பு என்று ஏற்கெனவே நிரம்பிய காருக்கு அதுவே கடைசி வைக்கோல் கட்டு.

பிரேக் சட்டமும் மேலே சொன்ன ஆக்சில் எடையைத்தான் பார்க்கிறது. சுமையோடு கேரவன் சக்கரங்களில் விழும் எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். 2,000ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் வேண்டும், வண்டி கழன்றால் தானே பிடிக்கும் அமைப்பும் வேண்டும்.

கேள்வி: 95 கி.மீ. வேகத்தில் கேரவன் வாலை ஆட்ட ஆரம்பிக்கிறது. பெரிய லாரி முந்தும்போது இன்னும் மோசம். என்ன செய்வது?
– பெர்த் வாசகி

பதில்: அந்த நொடியில் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறோம். கார் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை எதிர்த்துத் திருப்பாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, பிரேக் கன்ட்ரோலரில் இருக்கும் கை விசையால் கேரவன் பிரேக்கை மட்டும் மெல்லப் பிடியுங்கள். பின்னாலிருந்து இழுத்துப் பிடித்ததும் வண்டி நேராகிவிடும். கார் முதலில் வேகம் குறைந்தால் கேரவன் பின்னாலிருந்து தள்ளும், ஆட்டம் கூடும். அந்த விசை கை நீட்டியதும் கிடைக்கும் இடத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

காரணம் பெரும்பாலும் சுமை வைத்த விதம். உருண்டைமேல் பாரம் குறைந்து, வாலில் கனம் கூடினால் ஆடத்தான் செய்யும். பின் பம்பரில் இரண்டு ஸ்டெப்னி, பின் அலமாரியில் மாவு அரைக்கும் கிரைண்டர் கல் என்று வைத்திருக்கிறீர்களா? கனமானவை ஆக்சிலுக்கு மேலே, தரையோடு ஒட்டி இருக்க வேண்டும். முன்தொட்டி காலியாகிப் பின்தொட்டி நிரம்பியிருந்தாலும் இதே கதை. காரின் பின் டயரில் காற்று குறைந்திருந்தாலும் ஆடும்.

பல டிரெய்லர்களை இழுக்கும் ரோட் டிரெயின் லாரி 53.5 மீட்டர் வரை நீளம் இருக்கும். அது நெருங்கும்போது காற்று உங்களை முதலில் வெளியே தள்ளும், கடந்துபோகையில் உள்ளே இழுக்கும். அது முந்தும்போது நீங்கள் வேகத்தைக் கூட்டவும் வேண்டாம், சாலையைவிட்டு இறங்கவும் வேண்டாம். இடத்தைப் பிடித்துக்கொண்டு, அது வலப்புறம் வந்ததும் காலை லேசாக எடுங்கள். மண்சாலையில் எதிரே வந்தால் மட்டும் ஓரங்கட்டி நின்றுவிடுங்கள். புழுதி அடங்கும்வரை எதுவும் தெரியாது.

கேள்வி: மண்சாலையில் டயர் காற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு?
– அடிலெய்ட் வாசகர்

பதில்: தார்ச்சாலையில் 45 பிஎஸ்ஐ வைத்திருந்தால் மண்ணில் 33, 34. நான்கில் ஒரு பங்கு குறைத்தால் சரி. கார், கேரவன் இரண்டுக்கும். குறைத்த காற்றோடு 80ஐத் தாண்டக் கூடாது, வரிமேடு மோசமாக இருந்தால் 50, 60 போதும். ‘வேகமாகப் போனால் மேட்டின்மேல் மிதக்கும்’ என்பது நல்ல ஷாக் அப்சார்பர் உள்ள காருக்கு ஓரளவு உண்மை. ஷாக் இல்லாத கேரவனுக்குப் பொருந்தாது. தார்ச்சாலை ஏறியதும் 12 வோல்ட் கம்ப்ரசரால் திரும்ப நிரப்புங்கள். காற்று குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும்.

டயரின் பட்டன் தேயவில்லை என்று ஏமாற வேண்டாம். கேரவன் டயர் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதே அதிகம். பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஏழு வருடம் தாண்டியதை மாற்றிவிடுங்கள். லைட் டிரக் வகை டயரே வாங்குங்கள். ஸ்டெப்னி இரண்டு வேண்டும்.

முதல் 50 கி.மீ.யில் ஒரு முறை, 100இல் ஒரு முறை சக்கர நட்டுகளை இறுக்கிப் பார்க்க வேண்டும். நிற்கும்போதெல்லாம் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அங்கே பேரிங்கோ, ஒட்டிக்கொண்ட பிரேக்கோ காரணம். அதைப் பார்க்காமல் நகர வேண்டாம்.

கேள்வி: போன தடவை மண்சாலையில் போய்க் கதவைத் திறந்தால் படுக்கைமேல் விரல் கனத்துக்குச் செம்புழுதி. அலமாரியில் குளிர்பான டின்கள் தானாகவே ஓட்டையாகி ஒழுகியிருந்தன. ஏன்?
– பிரிஸ்பேன் வாசகி

பதில்: டின்கள் ஒன்றோடொன்று மணிக்கணக்கில் உரசியதுதான். அலுமினியம் அவ்வளவு மெல்லியது. ஒவ்வொன்றையும் காலுறைக்குள் போடுங்கள், அல்லது பிளாஸ்டிக் பாட்டில் வாங்குங்கள்.

புழுதிக்குக் காரணம், ஓடும் வண்டியைச் சுற்றி எழும் தூசியை உள்ளே இருக்கும் குறைந்த காற்றழுத்தம் உறிஞ்சுவது. முன்பக்கக் கூரை மூடியை இரண்டு விரல் அளவு முன்னோக்கித் திறந்து வையுங்கள். காற்று உள்ளே புகுந்து அழுத்தம் கூடினால் தூசி நுழையாது. ஓட்டைகளைக் கண்டுபிடிக்க இரவில் உள்ளே பலமான விளக்கை எரியவிட்டு வெளியிலிருந்தும் அடியிலிருந்தும் பாருங்கள். தண்ணீர்க் குழாய் தரையைத் துளைக்கும் இடம், சக்கர மேல்வளைவின் மூலை, கதவு ரப்பர், இவற்றில்தான் ஒளி கசியும். சீலன்ட்டால் அடையுங்கள். கதவின் கீழே இருக்கும் காற்றோட்டத் துளைகளை மட்டும் நிரந்தரமாக அடைக்கக் கூடாது. கேஸ் கசிந்தால் வெளியேற அதுதான் வழி. மண்சாலையில் ஓடும்போது மூடி, நின்றதும் திறந்துவிடுங்கள்.

இன்னொன்று. காரின் சக்கரம் தெறிக்கும் கல் கேரவனின் முன்சுவரில் பட்டுத் திரும்பி வந்து காரின் பின் கண்ணாடியை உடைக்கும். கொக்கிக்கும் கேரவனுக்கும் நடுவே சாய்வாக வலை கட்டுங்கள், பின் கண்ணாடிக்கு வெளியே ஓர் அட்டையும் ஒட்டுங்கள்.

கேள்வி: போன் எடுக்காத இடத்தில் வண்டி நின்றால்? தண்ணீர், டீசல் எவ்வளவு கொண்டுபோக வேண்டும்?
– கான்பெரா வாசகர்

பதில்: வண்டியைவிட்டு நடந்து போகாதீர்கள். வானத்திலிருந்து தேடுபவர்களுக்கு மனிதன் தெரியமாட்டான், கேரவன் தெரியும். ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாக இருப்பிடத்தைச் சொல்லும் 406 மெகாஹெர்ட்ஸ் பிஎல்பி கருவி ஒன்று வாங்கி, ஆம்சா என்ற கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் பதிந்துகொள்ளுங்கள், பதிவு இலவசம். காரில் 5 வாட் யூஎச்எஃப் ரேடியோ இருக்கட்டும். லாரிக்காரர்கள் 40ஆம் சானலில் பேசுவார்கள், கேரவன்காரர்கள் 18இல். 5, 35 இரண்டும் அவசரத்துக்கு மட்டும்.

குடிக்க மட்டும் ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர், அதுவும் திட்டமிட்ட நாட்களுக்கு மேல் இரண்டு மூன்று நாளுக்குச் சேர்த்து. எல்லாவற்றையும் கேரவன் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஒரு கல் பட்டுக் குழாய் உடைந்தால் மொத்தமும் போச்சு. பாதியை 10 லிட்டர் கேன்களில் காரில் வையுங்கள்.

100 கி.மீ.க்கு 11 லிட்டர் குடிக்கும் கார், கேரவனோடு எதிர்க்காற்றில் 18, 20 குடிக்கும். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் கிளெண்டாம்போவுக்கும் கூபர் பீடிக்கும் இடையே சுமார் 250 கி.மீ.க்கு எரிபொருள் கிடையாது. ஊட்னடாட்டா சாலையில் ஏறக்குறைய 200 கி.மீ.க்கு ஒரு பங்க். மழை பெய்தால் அந்தச் சாலையை மூடிவிடுவார்கள். மூடிய சாலையில் போனால் அபராதம் உண்டு, சேறு அதைவிடப் பெரிய தண்டனை.

கேள்வி: கேஸ், பேட்டரி, வீட்டு மின்சாரம் மூன்றிலும் ஓடும் பழைய மும்முறை ஃபிரிட்ஜ், கேஸில் ஓடும்போது குளிர்வதே இல்லை. பழுதா?
– டார்வின் வாசகர்

பதில்: முதலில் வண்டி மட்டமாக நிற்கிறதா என்று பாருங்கள். இந்த வகை சாய்ந்து நின்றால் வேலை செய்யாது. பிறகு பர்னரையும் புகைக்குழாயையும் சுத்தம் செய்யுங்கள், துருப்பொடியும் சிலந்திக் கூடும் அடைத்திருக்கும். சுடர் மஞ்சளாக இல்லாமல் நீலமாக எரிய வேண்டும். 40 டிகிரி வெயிலில் ஃபிரிட்ஜ் இருக்கும் பக்கத்தை நிழலுக்குத் திருப்பி நிறுத்துங்கள். பங்க்குக்குள் நுழையும் முன் சுடரை அணைத்துவிடுங்கள். சிலிண்டரின் கழுத்தில் குத்திய சோதனைத் தேதி பத்து வருடம் தாண்டியிருந்தால் நிரப்பித் தரமாட்டார்கள்.

கேள்வி: மில்டுரா வழியாகத் தென் ஆஸ்திரேலியாவுக்குள் போகும்போது காய்கறி கொண்டுபோகலாமா?
– மெல்பர்ன் வாசகி

பதில்: கூடாது. ரென்மார்க்குக்கு முன்னால் யாம்பா சோதனைச் சாவடியில் நிறுத்திப் பார்ப்பார்கள். பழ ஈ பரவாமலிருக்க இந்தக் கட்டுப்பாடு. பழங்கள் மட்டுமில்லை, தக்காளி, கத்தரிக்காய், பச்சை மிளகாயும் அந்தப் பட்டியலில் உண்டு. முந்தின இரவே கத்தரிக்காயைக் குழம்பு வைத்துவிடுங்கள், சமைத்ததற்குத் தடையில்லை. மிச்சத்தை ரென்மார்க்கில் வாங்கிக்கொள்ளலாம்.